கல்யாணத்துக்கு இடம் பார்ப்பது: எதை வைத்து ஒப்பிடுவது, புது இடங்களை எங்கே தேடுவது

நீங்கள் கேட்டது இது: சுமார் 350 பேர் வருவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு மண்டபங்களும், சமீபத்தில் திறந்த ஒரு தோட்டமும் பட்டியலில் இருக்கின்றன. மூன்றையும் போய்ப் பார்த்தாயிற்று, மூன்றும் நன்றாகத்தான் தெரிகின்றன, எதை வைத்து ஒப்பிடுவது என்று தெரியவில்லை. இவற்றை விட்டு ஊரைச் சுற்றி வேறு புது இடம் தேடுவதென்றால் எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிகழ்ச்சி ஏற்பாட்டு வேலையில் பல காலமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு முடிவு மற்ற எல்லாச் செலவுகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

எந்த இடமும் காலியாக இருக்கும்போது நன்றாகத்தான் தெரியும். துடைத்து வைத்த தரை, அணைத்து வைத்த ஸ்பீக்கர், வாசலில் நெரிசல் இல்லை. ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது ஒரு குறிப்பிட்ட தேதியில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது, அந்த இடத்தின் சில மணி நேரத்தைத்தான். அந்த நேரத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதை வைத்து ஒப்பிட்டால் மூன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அதனால் முதலில் நேரக் கணக்கு. 'ஒரு நாள் வாடகை' என்று சொன்னால் அந்த நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேளுங்கள். ஒரு இடத்தில் அது முழு 24 மணி நேரமாக இருக்கும். இன்னொரு இடத்தில் 10 மணி நேரம்தான், அதிலும் அலங்காரம் செய்யும் நேரம் உங்கள் கணக்கில் போகும். உங்களுக்கு முன்னால் அதே நாளில் வேறு நிகழ்ச்சி இருக்கிறதா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. அவர்கள் நாலு மணிக்கு முடிக்கிறார்கள், உங்களுடையது ஏழு மணிக்கு என்றால், நடுவில் மூன்று மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். அந்த மூன்று மணி நேரத்துக்குள் அவர்களுடைய கடைசி விருந்தினர் கிளம்ப வேண்டும், அவர்களுடைய அலங்காரத்தைப் பிரிக்க வேண்டும், தரை கழுவ வேண்டும், உங்கள் டெக்கரேட்டர் சாமான்களை இறக்கிப் பொருத்த வேண்டும், மைக் செட் சோதித்துப் பார்க்க வேண்டும். பெரிய மேடை அலங்காரம் இந்த இடைவெளிக்குள் முடியவே முடியாது. நீங்கள் ஆசைப்பட்டுப் படம் காட்டிய அலங்காரம் ஒன்று, அன்றைக்குக் கிடைப்பது ஒன்று என்று ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டெக்கரேட்டரின் கையில் இருந்தது அவ்வளவு நேரம்தான்.

முடிகிற நேரத்தையும் இதே கவனத்தோடு கேளுங்கள். எத்தனை மணிக்கு இசை நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு விளக்கு அணையும், எத்தனை மணிக்குச் சாமான்கள் வெளியே போயிருக்க வேண்டும் என்று மூன்று தனித்தனி நேரங்கள் இருக்கும். தாண்டினால் மணிக்கு எவ்வளவு கூடுதல் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது கொள்ளளவு. '500 பேர் உட்காரலாம்' என்று சொன்னால் எப்படி உட்காருவது என்று கேளுங்கள். அமெரிக்காவில் என்எஃப்பிஏ என்ற தீத்தடுப்பு அமைப்பு வகுத்த பாதுகாப்பு விதிகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. நாற்காலிகளை மட்டும் நெருக்கமாகப் போட்டால் ஆளுக்கு 7 சதுர அடி, மேசையும் நாற்காலியும் போட்டால் ஆளுக்கு 15 சதுர அடி. உலகில் எந்த ஊரில் இடம் பார்ப்பவருக்கும் இது நல்ல அளவுகோல். 3,000 சதுர அடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி மட்டும் என்றால் 428 பேர். மேசை போட்டால் 200 பேர். ஹால் ஒன்றுதான், எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதில் மேடையையும் மேடைக்கு முன்னால் விட வேண்டிய இடத்தையும் கழிக்க வேண்டும். 24 அடிக்கு 16 அடி மேடை என்றால் அதுவே 384 சதுர அடி. வட்ட மேசைகள் போடுவதாக இருந்தால் 5 அடி விட்டமுள்ள மேசையில் 8 பேர், 6 அடி மேசையில் 10 பேர் தாராளமாக உட்காரலாம். அதற்கு மேல் திணித்தால் கை இடிக்கும். ஆகவே நீட்டளவு டேப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் தரும் காகிதத்தில் உள்ள பரப்பளவில் தூண்கள், வராந்தா, படிக்கட்டு எல்லாம் சேர்ந்திருக்கலாம். தூண்கள் எங்கே நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடையை மறைக்கிற தூணுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலிகள் கொள்ளளவில் உண்டு, ஆனால் அங்கே உட்காருபவருக்குக் கல்யாணம் தெரியாது.

இடம் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். 350 பேருக்கு 1,000 பேர் கொள்ளும் ஹாலை எடுத்தால், எவ்வளவு பேர் வந்தாலும் கூட்டம் வராததுபோல் தெரியும். அந்த வெறுமையை மறைக்க அலங்காரத்துக்குச் செலவு கூடும். உங்கள் எண்ணிக்கைக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இடம் இருந்தால் எனக்குப் போதும் என்று தோன்றும்.

இடத்தைப் பார்க்கப் போவதை இரண்டு தடவையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பகலில், காலியாக இருக்கும்போது, அளந்து பார்க்க. இன்னொன்று, உங்கள் நிகழ்ச்சி நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில், உள்ளே வேறொரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது. உள்ளே நுழைய வேண்டியதில்லை, மேனேஜரிடம் சொல்லிவிட்டு வாசலருகே அரை மணி நேரம் நின்றாலே போதும். வண்டிகள் எங்கே திரும்ப முடியாமல் நிற்கின்றன, முதியவர்களை எங்கே இறக்கிவிடுகிறார்கள், குளிர்சாதனம் தாங்குகிறதா, வெளியே வருகிற ஆட்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறார்களா, வேலை செய்பவர்கள் பதற்றமாக இருக்கிறார்களா, எல்லாம் தெரிந்துவிடும். மேனேஜர் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெரியாது.

அடுத்ததாகச் சொல்லப்போவது பாதுகாப்பு. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் கேட்க வேண்டியது இதுதான். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் மணமகனும் ஒருவர். கீற்றுக் கூரையில் தீப்பற்றிப் பரவியது, ஆட்களால் வேகமாக வெளியே வர முடியவில்லை. 2023 செப்டம்பரில் இராக்கில் அல்-ஹம்தானியா என்ற ஊரில் கல்யாண ஹாலுக்குள் கொளுத்திய வாணவேடிக்கை கூரை அலங்காரத்தில் பற்றிக்கொண்டது. கட்டடத்தில் பயன்படுத்தியிருந்த பலகைகள் எளிதில் எரியக்கூடியவை, 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இடமும் காலமும் வேறு, ஆனால் காரணங்கள் ஒன்றுதான். எளிதில் எரியும் கூரை அல்லது அலங்காரம், அதன் அருகே நெருப்போ மின்பொறியோ, போதாத வெளிவாசல்கள்.

இதைச் சோதிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஹாலின் நடுவில் நின்று வாசல்களை எண்ணுங்கள். நான் சொன்ன அதே என்எஃப்பிஏ விதிகளின்படி 500 பேருக்கு மேல் கூடும் இடத்துக்குக் குறைந்தது மூன்று வெளிவழிகள் வேண்டும், 1,000 பேருக்கு மேல் என்றால் நான்கு. உங்களுடைய 350 பேருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும், அவை ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆபத்து வந்தால் ஆட்கள் உள்ளே வந்த அதே வாசலை நோக்கித்தான் ஓடுவார்கள், அதனால் மற்ற வாசல்கள் கண்ணில் படுகிறபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பாருங்கள். வெளிப்பக்கமாகத் திறக்கிறதா? பூட்டியிருக்கிறதா? பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? கதவுக்கு அந்தப் பக்கம் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா? அந்தப் பின்வாசல் வழியாக நடந்து தெரு வரைக்கும் போய்ப் பாருங்கள். 1942இல் பாஸ்டன் நகரில் கோகோனட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்தபோது 492 பேர் இறந்தார்கள். சுழல் கதவில் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள், பக்கவாட்டுக் கதவுகள் சில பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறந்தன. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற விதிகள் இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகு இறுகியவைதான்.

மாடியில் உள்ள ஹாலோ மொட்டைமாடி இடமோ உங்கள் பட்டியலில் சேர்ந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. 2001 மே மாதம் ஜெருசலேமில் ஒரு கல்யாண ஹாலின் மூன்றாவது மாடித் தரை, ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அப்படியே இடிந்து விழுந்து 23 பேர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் கீழ்த்தளத்தில் சுவர்களை எடுத்திருந்தார்கள். கடையாகவோ அலுவலகமாகவோ கட்டிய கட்டடத்தைப் பிறகு ஹாலாக மாற்றியிருந்தால், கூட்டம் கூடும் இடம் என்ற பயன்பாட்டுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டு அந்தச் சான்றிதழைப் பார்க்கத் தயங்காதீர்கள். காட்ட மறுக்கிற இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறார். 350 பேர் என்றால் 35 கிலோவாட். ஒரு டன் குளிர்சாதனம் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், ஆட்களின் உடல் சூட்டுக்கு மட்டுமே 10 டன் வேண்டும். மேடை விளக்குகள், சுவர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் வரும் வெயில், திறந்து திறந்து மூடும் கதவு எல்லாம் இதற்கு மேல். ஆட்கள் ஆட ஆரம்பித்தால் உடல் சூடு இரண்டு மடங்குக்கும் மேல். காலி ஹாலில் சில்லென்று இருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, மொத்தம் எத்தனை டன் என்று கேளுங்கள். விருந்தினர் வருவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் போடுவார்கள் என்பதும் முக்கியம். சூடேறிய ஹாலைக் கூட்டம் வந்தபிறகு குளிர வைப்பது நடக்காத காரியம்.

ஜெனரேட்டர் இருக்கிறது என்றால் எத்தனை கேவிஏ (அதன் திறனைச் சொல்லும் அளவு), அது எதையெல்லாம் தாங்கும் என்று தனியாகக் கேளுங்கள். கேவிஏ எண்ணை 0.8ஆல் பெருக்கினால் கிலோவாட் ஏறக்குறைய கிடைக்கும். 62.5 கேவிஏ என்றால் 50 கிலோவாட். பல இடங்களில் ஜெனரேட்டர் விளக்குகளையும் மேடையையும் மட்டும் தாங்கும், குளிர்சாதனம் நின்றுவிடும். டீசல் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

ஒலிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஹாலின் நடுவில் நின்று பலமாக ஒரு கை தட்டுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் நல்ல ஹால். நீண்டு இழுத்தால், பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன என்று அர்த்தம். ஆட்களும் அவர்கள் உடைகளும் ஒலியை உறிஞ்சும் என்பதால் நிறைந்த ஹாலில் எதிரொலி குறையும், ஆனால் ரொம்ப இழுக்கிற ஹாலில் மைக்கில் பேசுவது அன்றைக்கும் புரியாது. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளச் சத்தத்தை உயர்த்துவார்கள், அதனால் எல்லோரும் உயர்த்துவார்கள், முதியவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். நீண்ட நாள் கழித்துச் சந்திக்கும் உறவுகள் உட்கார்ந்து பேச முடியாத ஹாலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், சாய்தளம் ஆகியவை சீக்கிரம் பார்த்துவிடக் கூடியவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் கழிப்பறை இருந்தால் பெண்கள் பக்கம்தான் வரிசை நிற்கும், அங்கே கூடுதலாக இருப்பது நல்ல இடத்தின் அடையாளம். வண்டிகள் உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் பிடிக்கும். 350 பேரில் பாதிப் பேர், காருக்கு மூன்று பேராக வந்தால் 60 கார்கள், அதற்கு 1,500 சதுர மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். '100 கார் நிற்கும்' என்று சொல்கிற மைதானத்தைக் கால்களால் அளந்து பாருங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் ஒருவர் தானாக ஏற முடியும். செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தால் அதைச் சாய்தளம் என்று கணக்கில் எடுக்க வேண்டாம். சாப்பாட்டுக்கூடம் வேறு மாடியில் இருந்தால் லிஃப்டில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் போக முடியும் என்று பாருங்கள். மணமக்களின் டிரஸ்ஸிங் ரூமில் கண்ணாடி, நல்ல வெளிச்சம், உள்பக்கப் பூட்டு, பிளக் பாயிண்ட் இருந்தால் போதும்.

இனி புது இடங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மண்டபங்கள் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் தேதி கிடைக்காமல் போகின்றன. கூட்டம் கூடுவதற்கென்றே கட்டப்பட்ட, ஆனால் கல்யாணத்துக்கு என்று யாரும் யோசிக்காத இடங்கள் எந்த ஊரிலும் இருக்கும். பள்ளி, கல்லூரிக் கலையரங்கங்கள் விடுமுறையில் காலியாக இருக்கும். தொழில் சங்கங்களின் மாநாட்டு அரங்கங்கள் வார இறுதியில் பூட்டிக் கிடக்கும், ஏனென்றால் மாநாடுகள் வேலைநாட்களில் நடப்பவை. குடியிருப்பு வளாகங்களின் கிளப் ஹவுஸ், விளையாட்டு மன்றங்கள், நூலகங்கள், அருங்காட்சியகத்து முற்றங்கள், ஓட்டல்களில் பெரிய ஹாலுக்குப் பின்னால் இருக்கும் நடுத்தர ஹால், பண்ணைகள். பாஸ்டன் பொது நூலகத்திலும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் கல்யாண நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 வரை மதச் சடங்கு இல்லாத சிவில் திருமணத்தைச் சட்டப்படி பதிவாளர் அலுவலகத்தில்தான் நடத்த முடிந்தது. 1994ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அனுமதி பெற்ற மற்ற கட்டடங்களுக்கும் கதவைத் திறந்தபிறகுதான் பழைய மாளிகைகளும் ஓட்டல்களும் இதற்குள் வந்தன. அப்படி அனுமதி பெற்ற இடங்களின் திறந்தவெளியிலும் நடத்தலாம் என்பது 2021 ஜூலையில்தான் வந்தது. உங்கள் ஊரில் சடங்கு எங்கே நடந்தால் சட்டப்படி செல்லும் என்பதைப் பதிவு அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க வரைபடத்தை எடுத்து, பெரும்பாலான விருந்தினர்கள் வரும் திசையையும், அவர்கள் தங்கப்போகும் இடத்தையும் குறித்து, அங்கிருந்து அரை மணி நேரப் பயணத்துக்குள் வரும் பகுதியை மட்டும் தேடுங்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல் நேரத்தில் பாருங்கள். ஊருக்கு வெளியே 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடம் நல்ல சாலையில் சீக்கிரம் வந்துவிடும், ஊருக்குள் இருக்கும் 5 கிலோமீட்டர் மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகும். வரைபடத்தில் கிடைத்த பெயர்களை எடுத்துக்கொண்டு புகைப்படக்காரர், மைக் செட்காரர், டெக்கரேட்டர் ஆகியோரிடம் போங்கள். ஊரில் உள்ள எல்லா இடங்களிலும் வேலை செய்தவர்கள் அவர்கள்தான். எந்த இடம் நல்லது என்று கேட்பதைவிட, எந்த இடத்தில் வேலை செய்யக் கஷ்டம், ஏன் என்று கேளுங்கள். லாரி உள்ளே வராது, மின் இணைப்பு அடிக்கடி விழும், மேனேஜர் அன்றைக்குக் காணாமல் போய்விடுவார் என்று நேராகச் சொல்வார்கள். அதே மூச்சில் நீங்கள் கேள்விப்படாத நல்ல இடம் ஒன்றையும் சொல்வார்கள், எனக்கு அப்படித்தான் நிறைய இடங்கள் தெரியவந்தன.

புது இடத்தில், இருப்பதைவிட இல்லாததைத்தான் பட்டியல் போட வேண்டும். மண்டபத்தில் நாற்காலி, மேசை, சமையல் இடம், தண்ணீர்த் தொட்டி, குப்பை எடுக்கும் ஆள் எல்லாம் ஏற்கனவே இருக்கும், அதனால் நாம் கவனிப்பதே இல்லை. நூலகத்திலோ பண்ணையிலோ இவை ஒவ்வொன்றையும் நாம் கொண்டுவர வேண்டும். வாடகை பாதிதான் என்று மகிழ்வதற்கு முன்னால் இந்தப் பட்டியலின் விலையைக் கூட்டுங்கள். பழைய கட்டடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் ஒட்டக் கூடாது, நெருப்பு ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடுகள் இருக்கும். அவை நியாயமானவை, உங்கள் சடங்கோடு ஒத்துப்போகுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு நல்ல முற்றமும் பழைய மரங்களும் இருக்கிற இடத்துக்கு அலங்காரமே அதிகம் தேவைப்படாது. அந்த மிச்சத்தில் மற்றதைக் கொண்டுவந்துவிடலாம்.

இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கணினியில் வரைந்த படத்தைக் காட்டி, உங்கள் தேதிக்குள் முடிந்துவிடும் என்பார்கள். கட்டட வேலை தாமதமாவது சாதாரணம், கல்யாணத் தேதி நகராது. புதிதாகத் திறந்த ஹால் என்றால், அங்கே உங்கள் அளவு கூட்டத்தோடு நிகழ்ச்சிகள் நடந்து முடிந்திருக்க வேண்டும். நடத்தியவர்களில் இரண்டு பேரிடமாவது பேசுங்கள்.

உங்கள் பட்டியலில் இருக்கும் தோட்டத்துக்கு வருகிறேன். திறந்தவெளி இடத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் தலையாயது: மழை வந்தால் 350 பேரும் எங்கே போவார்கள்? 'பந்தல் போட்டுவிடலாம்' என்பது பதிலாகாது. எந்தப் பந்தல், எவ்வளவு காற்று தாங்கும், முடிவை எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும், செலவு யாருடையது என்பதெல்லாம் சொன்னால்தான் பதில். ஒதுங்கும் இடம் 150 பேருக்குத்தான் என்றால், அது 150 பேருக்கான இடம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் போய்ப் புல்தரையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, சக்கர நாற்காலி உருளுமா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

வெளிச்சமும் உண்டு. சூரியன் ஜூன் மாதத்தில் நேர் மேற்கிலிருந்து வடக்கே விலகி மறையும், டிசம்பரில் தெற்கே விலகி மறையும். பூமத்திய ரேகையிலேயே இந்த விலகல் பக்கத்துக்கு 23 டிகிரிக்கு மேல், அங்கிருந்து தள்ளிப் போகப் போக இன்னும் கூடும். இப்போது பார்க்கும்போது மேடைக்குப் பின்னால் மறைகிற சூரியன், உங்கள் தேதியில் விருந்தினர் கண்ணில் நேராக அடிக்கலாம், அல்லது ஒரு கட்டடத்துக்குப் பின்னால் போய்விடலாம். தேதியையும் இடத்தையும் கொடுத்தால் சூரியன் எங்கே இருக்கும் என்று காட்டும் செயலிகள் இருக்கின்றன, புகைப்படக்காரரிடமே இருக்கும். இருட்டிய பிறகு வண்டி நிறுத்துமிடம் வரை வழியில் விளக்கு உண்டா என்றும் பாருங்கள். ஒலியைப் பொறுத்தவரை, சுவர் இல்லாத இடத்தில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். அதனால் முன்னால் மட்டும் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குக் கேட்காது. சிறிய ஸ்பீக்கர்களைப் பல இடங்களில் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் வீடுகள் இருந்தால் இரவில் இசையை நிறுத்த வேண்டிய நேரம் ஹாலைவிட முன்னதாகவே இருக்கும்.

பணத்தை ஒப்பிடும்போது வாடகையை வாடகையோடு ஒப்பிடக் கூடாது. மூன்று இடத்துக்கும் ஒரே தலைப்புகளோடு ஒரே தாளில் எழுதுங்கள்: வாடகை, மின்சாரம், டீசல், துப்புரவு, பாதுகாவலர், நாற்காலி மேசை, அலங்காரம், வெளியிலிருந்து சமையல்காரரை அழைத்துவந்தால் அதற்கான கட்டணம், வண்டி நிறுத்தும் ஆட்கள், வரி, திரும்பி வரும் வைப்புத்தொகை. மொத்தத்தை 350ஆல் வகுங்கள். ஆளுக்கு எவ்வளவு என்ற எண் வந்தபிறகு வரிசை மாறிவிடுவதைப் பெரும்பாலும் பார்க்கலாம். 'எங்கள் டெக்கரேட்டரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை இருந்தால், அவருடைய விலைப்பட்டியலை வாங்காமல் அந்த இடத்தின் விலை உங்களுக்குத் தெரியாது.

ஒப்பந்தத்தில் தேதி, நேரம், எந்தெந்த அறைகள், மேலே சொன்ன தொகைகள் எல்லாம் இருக்க வேண்டும். நீங்கள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று எல்லா ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பார்கள். அவர்கள் ரத்து செய்தால் என்ன என்பதும், யார் மீதும் தவறில்லாமல் நடத்த முடியாமல் போனால் என்ன என்பதும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது உலகம் முழுவதும் இதே சிக்கல்தான் வந்தது. பிரிட்டனில் வணிகப் போட்டியையும் நுகர்வோர் நலனையும் கவனிக்கும் அரசு அமைப்பான போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் தலையிட்டு, சட்டத் தடையால் கல்யாணம் நடக்க முடியாமல் போனால் பணத்தைத் திருப்பித் தருவதுதான் அடிப்படை என்று சொல்ல வேண்டியிருந்தது. தேதியை மாற்ற ஒரு தடவையாவது கட்டணமில்லாமல் அனுமதி வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்டால் தருகிற இடங்கள் நிறைய. வாய்ச்சொல்லாகக் கொடுத்த சலுகைகளை அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக எழுதி மேனேஜருக்கு அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

உங்கள் மூன்றில் எதை எடுப்பது என்று நேரடியாகக் கேட்டால், தோட்டத்தில் 350 பேரும் ஒதுங்கக் கூரையுள்ள இடம் இல்லையென்றால் அதை முதலில் எடுத்துவிடுவேன், அல்லது நெருங்கிய 100 பேர் வரும் முந்தைய நாள் சிறு நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்வேன். இரண்டு மண்டபங்களில், அன்று உங்களுக்கு முன்னால் வேறு நிகழ்ச்சி இல்லாததையும், இரண்டாவது வாசல் பூட்டாமல் இருப்பதையும் எடுப்பேன், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். இரண்டும் இதில் சமம் என்றால், அன்றைக்குக் காலையிலிருந்து இரவு வரை அங்கேயே இருக்கப்போகும் பொறுப்பாளர் யார் என்று கேட்டு அவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். பேரம் பேசிய ஆளும் அவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள். மின் இணைப்பு எங்கே, பின்வாசல் சாவி எங்கே, தண்ணீர் லாரிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று தயங்காமல் சொல்பவர் இருக்கும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.